நார்பர்ட்டுக்காக மார்லிஸ் வைத்த மூன்று விளக்கு

மார்லிஸ் ஹௌகன் கை வைத்த பைக் எதுவும் பழுதென்று அவளிடம் திரும்பி வந்ததில்லை. சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை, எண்ணித்தான் சொல்கிறேன். எங்கள் குழுவில் இருபத்திரண்டு பைக். எல்லாமே நெடுந்தூரம் போகிற பெரிய வண்டிகள். முன்னால் காற்றுக்குக் கண்ணாடி, பின்னால் பெட்டி, பின்னால் உட்காருகிறவருக்குச் சாய்மானமும் கைப்பிடியும் வைத்து சோபா மாதிரி இருக்கை. இதில் பதினேழு வண்டியின் விளக்கு வேலை மார்லிஸுடையது. எங்கள் ஊர் லா கிராஸுக்கு வடக்கிலும் தெற்கிலும் இருக்கிற மற்றக் குழுக்களையும் சேர்த்தால் நாற்பதைத் தாண்டும். ஒன்றாவது திரும்பி வந்ததா? வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு விளக்கு ஆசை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். ஒருவன் சக்கரத்தைச் சுற்றி எல்.ஈ.டி. வளையம் போட்டால் அடுத்த மாதம் இன்னொருவன் பெட்டிக்கும் சேர்த்துப் போடுவான். அதைப் பார்த்து மூன்றாமவன் இன்ஜினுக்கு அடியில் பச்சை வெளிச்சம் கேட்பான். பிறகு சூடாகும் கையுறைக்கு ஒரு ஒயர், காப்பிக் கோப்பையைச் சூடாக வைக்க ஒரு ஒயர், நாய்க்குட்டி உட்கார்ந்து வரும் கூடைக்கு ஒரு சின்ன ஃபேன். ஆசைக்கு அளவேது. ஊர்வலத்தில் நடக்கிற வேகத்தில்தான் போவோம். அந்த வேகத்தில் இன்ஜின் மின்சாரம் கொடுப்பது குறைவு என்பது யார் நினைவிலும் இருக்காது. பாதி வழியில் பேட்டரி படுத்துவிடும். மற்றவர்கள் கட்டிய வண்டிகளை நான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். மார்லிஸ் கட்டியதைத் தள்ளியதில்லை.

அவள் இருபத்தாறு வருடம் மாவட்டத்தின் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் எலக்ட்ரீஷியன். பேருந்து நின்றதும் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளுமே, சிவப்பு விளக்கு வைத்த நிறுத்தப் பலகை, அதெல்லாம் அவள் பொறுப்பு. அந்த விளக்கு எரியாவிட்டால் சாலையைக் கடக்கிற பிள்ளையின் கதி என்ன என்று யோசித்தே தலை நரைத்ததாகச் சொல்வாள். கல்யாணம் ஒருமுறை செய்து பார்த்தாள், சரிப்படவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் எங்கள் வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வண்டி வந்தால் முதலில் ஸ்பேனரைத் தொட மாட்டாள். இருக்கையில் ஏறிப் பத்து நிமிடம் உட்காருவாள். ஹாண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பி எந்த ஒயர் இழுபடும் என்று பார்ப்பாள். கம்பெனி போட்ட ஒயரை வெட்டவே மாட்டாள். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு ஃபியூஸ் பெட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபியூஸ், ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம், அதன்மேல் சூடு காட்டினால் சுருங்குகிற குழாய். முன்பக்கம் சிவப்பும் நீலமும் கேட்டால், போலீஸ் ஆக ஆசையா என்று கேட்டு அனுப்பிவிடுவாள். ஒயரைச் சீவாமலே நடுவில் கடித்துப் பிடிக்கிற நீலக் க்ளிப் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். அதைப் பார்த்தால் மட்டும் அவளுக்குப் பாம்பைப் பார்த்த மாதிரி.

இப்போது நார்பர்ட் கிளிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்துநாலு வயது. பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாக எங்கள் குழுவுக்கு அவர்தான் முன்னோடி. வரிசையில் முதல் வண்டி அவருடையது. மனைவி ஆர்லீன் பின்னால். வரிசையின் கடைசி வண்டி என்னுடையது. நெடுஞ்சாலையில் பாதை மாற வேண்டுமானால் முதலில் மாறுவது கடைசி வண்டிதான். நான் பக்கத்துப் பாதையை அடைத்துக்கொண்டு, வாங்க என்று ரேடியோவில் சொல்வேன். அதைக் கேட்டு நார்பர்ட் நகர, நடுவில் இருக்கிற இருபது வண்டியும் ஒரே உடம்பாக நகரும். அந்த அழகை அனுபவித்தவனுக்கு வேறு எதுவும் ருசிக்காது.

அவருக்குக் காது மூன்று வருடமாக மங்கிக்கொண்டே வந்து, போன குளிர்காலத்தில் முழுசாகப் போய்விட்டது. தலைக்கவசத்துக்குள் எந்தக் கருவியும் உதவவில்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் பேசுவது எல்லாமே முழக்கம்.

ஏப்ரலில், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் குழு கூடியபோது தலைவர் டெர்ரி லிண்ட்னர் பேச்சை எடுத்தான். டெர்ரி கெட்டவன் இல்லை. முப்பது வருடம் இன்சூரன்ஸில் விபத்துக் கோரிக்கைகளை விசாரித்தவன். உடைந்த எலும்பின் படங்களைப் பார்த்தே காலம் கழித்தவன். ரேடியோ கேட்காதவர் முன்னால் போகக் கூடாது என்றான்.

"வருத்தமாத்தான் இருக்கு ஆர்லீன். ஆனா பின்னாடி வர்ற எல்லாருக்கும் எலும்புன்னு ஒண்ணு இருக்கேம்மா."

நார்பர்ட் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய், வெளியே நின்ற தன் வண்டியின் பக்கத்தில் நின்றார். நான் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மார்லிஸ் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அவருக்குக் காதுதான போச்சு? கண்ணு நல்லாத்தான இருக்கு. வண்டியை என் கொட்டாய்க்கு அனுப்புங்க."

அவள் யோசனை எளிமையானது. ரேடியோவை ஆர்லீன் கேட்கட்டும், கேட்டதை விரலால் சொல்லட்டும். ஆர்லீன் உட்காருகிற இடத்தின் வலது கைப்பிடியில் மூன்று பொத்தான். நார்பர்ட்டின் கண்ணுக்கு நேரே, வேகமானிக்கு மேல், மூன்று சிறு எல்.ஈ.டி. இடப்பக்க மஞ்சள் எரிந்தால் இடப்பாதை நம்முடையது, நகரலாம். வலப்பக்க மஞ்சள் அதேபோல. நடுவில் சிவப்பு எரிந்தால் யாரோ பின்தங்கிவிட்டார்கள், ஓரம் கட்டு.

எளிமையான யோசனைக்கு மூன்று வாரம் வேலை. உச்சி வெயிலில் விளக்கு தெரியவில்லை. மாத்திரை டப்பாவின் மூடிகளுக்குக் கறுப்புப் பூசி ஒவ்வொன்றுக்கும் குடை மாதிரி வைத்தாள். ஆர்லீனுக்கு விரல் மூட்டில் வாதம், அதோடு கையுறை வேறு. பேருந்துக் கொட்டகையில் கழித்துப் போட்ட பெரிய பொத்தான்களை வாங்கி வந்து, ஒன்றை வழவழப்பாக விட்டு, ஒன்றில் வரி கீறி, ஒன்றில் ஈயத்துளி சொட்டி வைத்தாள். பார்க்காமலே எது எது என்று ஆர்லீனின் விரலுக்குத் தெரிந்துவிடும். விளக்குகளுக்கென்று தனி ஒயர், மிகச் சிறிய தனி ஃபியூஸ். கடைசியாக நார்பர்ட்டை எதிரில் உட்கார வைத்து ஒரு சட்டத்தைப் பத்துத் தடவை சொன்னாள்: விளக்கு எரியாவிட்டால் நகரக் கூடாது, பின்னாலிருந்து அம்பது தடவை தட்டினாலும் நகரக் கூடாது. விளக்கு பொய் சொல்லக் கூடாது என்பது அவள் வேதம். எரிந்தால் உண்மையாக எரிய வேண்டும், சந்தேகம் இருந்தால் இருட்டாக இருக்க வேண்டும்.

மே மாதம் முழுவதும் நாங்கள் நான்கு வண்டி சேர்ந்து ஒத்திகை பார்த்தோம். ஒரு குறை இல்லை. டெர்ரியும் இறங்கி வந்தான். ஜூனில் எங்கள் வருடாந்தரக் கூடல், மற்றக் குழுக்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சனிக்கிழமை காலை எங்கள் குழு ஒரு சவாரி போவது, மாலை விளக்கு ஊர்வலம் போவது வழக்கம். காலைச் சவாரியை நார்பர்ட் பிசகில்லாமல் நடத்தினால் ஊர்வலத்துக்கும் இனிமேலும் அவரே முன்னோடி. பிசகினால் அன்றே டெர்ரி முன்னால் வந்துவிடுவான். அதோடு சரி.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். முதல் ஐந்து மைல் சொர்க்கம். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இடப்பாதைக்கு மாறி இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் இடப்பாதையை அடைத்துக்கொண்டு, வாங்க என்றேன். நார்பர்ட் நேரே போனார். மறுபடி சொன்னேன். நேரே போனார். மூன்றாவது தடவை நான் கத்தியதற்கு ஆர்லீன், "அழுத்திட்டேதான் இருக்கேன், கர்ட்" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. திருப்பம் தாண்டிவிட்டது, பாலம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வண்டியும் வரிசை குலையாமல் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து மினசோட்டாவுக்குள் நுழைந்துவிட்டோம். வழி தவறி வேறு தெருவுக்குப் போவார்கள். நாங்கள் வேறு மாநிலத்துக்கே போனோம்.

அக்கரையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நார்பர்ட் நிறுத்தினார். டெர்ரி தலைக்கவசத்தைக் கழற்றினான். மார்லிஸ் நேராக ஆர்லீனின் கைப்பிடி மூடியைக் கழற்றினாள். நான் பக்கத்தில் குனிந்து திருகுகளை வாங்கிக்கொண்டேன். அங்கே இருந்தது, மார்லிஸ் போட்ட ஒயரின் கழுத்தைக் கடித்துக்கொண்டு ஒரு நீலக் க்ளிப்.

அதிலிருந்து போன ஒயரைப் பின்தொடர்ந்தால் பெட்டியின் அடியில் ஒட்டிய வானவில் விளக்குச் சரம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை, கூடலில் போட்டிருந்த கடைக் கூடாரத்தில் வாங்கியது. எங்கள் ஆள் ஒருவரால்தான் இப்படிச் செய்ய முடியும். மாலை ஊர்வலத்துக்கு இன்னும் ஒரே ஒரு விளக்கு, கைக்கு எட்டிய ஒயரில் ஒரு க்ளிப், என்ன ஆகிவிடப் போகிறது! நிற்கும்போது சரம் எரிந்திருக்கும், நார்பர்ட் பூரித்திருப்பார். ஓடத் தொடங்கிச் சரம் முழு வெளிச்சத்துக்கு மாறியதும் சின்ன ஃபியூஸ் போய்விட்டது. மூன்று விளக்கும் செத்துவிட்டன. விளக்கு எரியவில்லை, அதனால் அவர் நகரவில்லை. அந்த ஒரு சட்டத்தையாவது காப்பாற்றினாரே.

நார்பர்ட் க்ளிப்பைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. மார்லிஸ் நிமிர்ந்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி அவர் எதிரில் நின்றாள். பிறகு திட்டினாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் ஒரு துளி வரவில்லை. பத்தடி தள்ளி இருபது பேர் காப்பி குடித்துக்கொண்டு நிற்க, அவர்களுக்குத் தெரியாமல் அப்படி ஒரு திட்டு. பக்கவாட்டில் இருந்த என்னால் கொஞ்சம்தான் படிக்க முடிந்தது. முதல் வார்த்தையை எழுத முடியாது. பிறகு, "இருபத்திரண்டு வண்டி இந்த ஒயர்ல தொங்குது, உனக்கு வானவில் கேக்குதா?" பிறகு மறுபடி அந்த முதல் வார்த்தை. நார்பர்ட் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் வாங்கிக்கொண்டார். அவர் கண் நிறைந்துவிட்டது.

டெர்ரி வந்தான். என்ன ஆயிற்று என்றான். மார்லிஸ் திரும்பினாள். க்ளிப் அவள் உள்ளங்கைக்குள் போயிருந்தது.

"என் தப்பு, டெர்ரி. ஃபியூஸை ரொம்பச் சின்னதாப் போட்டுட்டேன். பத்து நிமிஷம் குடு."

நான் வாயைத் திறந்தேன். அவள் பூட்ஸ் காலால் என் காலை மிதித்தாள். பூட்ஸில் இரும்பு முனை வைத்திருக்கிற பெண்மணி அவள். டெர்ரி அவளையே பார்த்தான். நாற்பது வண்டியில் முதல் தடவை என்றான். ஆமாம் என்றாள். மார்லிஸின் தப்பு என்றால் சரி செய்துவிட முடியும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நார்பர்ட்டின் தப்பு என்று தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே முன்னோடி மாறியிருப்பான். திரும்பிப் போகும் வழியில் இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் சரத்தைப் பிய்த்தெடுத்தாள். கடிபட்ட இடத்தை வெட்டி, ஈயம் வைத்து, குழாய் போட்டுச் சுருக்கினாள். எனக்கு அப்படி ஒரு கோபம். நாற்பது வண்டியில் சேர்த்த பேர், அதை ஒரு கிழவரின் விளையாட்டுக்காக ஏன் தூக்கிப் போடுகிறாய் என்று கேட்டேன்.

"விளக்குதான் பொய் சொல்லக் கூடாது, கர்ட். நான் சொல்லலாம்." பிறகு திருகை இறுக்கிக்கொண்டே, "எனக்குன்னா ஒரு கெட்ட பேரோட போச்சு. அவருக்குன்னா எல்லாமே போச்சு" என்றாள்.

அவள் செய்தது சரியோ தப்போ, அன்று அவளைப் போல ஒருத்தி என் குழுவில் இருக்கிறாள் என்று மார்பு விம்மியது மட்டும் நிஜம்.

திரும்பி வந்த சவாரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாலத்துக்குப் பிறகு வலப்பாதையை அடைத்துக்கொண்டு, வாங்க என்றேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அரைக்கால் மைலுக்கு முன்னால் நார்பர்ட்டின் வலப்பக்க விளக்கு சிமிட்டியது. எல்லா வண்டியும் ஒன்றாகச் சாய்ந்தன. மறுபடி இடப்பக்கம். மறுபடி ஒன்றாக. மூன்றாவது யாரும் திட்டமிடாதது. நடு வரிசையில் கிளெண்டாவின் மூட்டைக் கயிறு அவிழ்ந்து சக்கரத்தை நோக்கித் தொங்கியது. நிறுத்து என்று கத்தினேன். நான் வாயை மூடுவதற்குள் நார்பர்ட்டின் இடது கை தாழ்ந்தது, வரிசை முழுவதும் அமைதியாக ஓரம் கட்டியது. காது கேட்ட காலத்தில்கூட அவர் இவ்வளவு விரைவாக நிறுத்தியதில்லை. கிளெண்டா கயிற்றைக் கட்டும்போது டெர்ரி என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தான்.

மதியத்துக்கு மேல் கண்காட்சித் திடலின் கொட்டகையில் சாப்பாடு. சுட்ட சாசேஜ், உருளைக்கிழங்கு சாலட், பெண்கள் சுட்டுக்கொண்டு வந்த பத்துப் பன்னிரண்டு வகைப் பழ அடை. பரிசு கொடுப்பதும் அப்போதுதான். அதிக தூரம் வந்தவருக்கு ஒன்று, வயதில் மூத்தவருக்கு ஒன்று, கடைசியாக வளைந்த ஸ்பேனர். கூடலில் யாருடைய கைவேலை பழுதானதோ அவருக்கு அது. துருப்பிடித்த பெரிய ஸ்பேனர், வாங்குகிறவர் அடுத்த வருடம் வரை வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்ட வேண்டும். நான் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். மார்லிஸ் வாங்குவாள் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

டெர்ரி அவள் பெயரைச் சொன்னதும் கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு, விசில், மேசை தட்டல். பதினேழு வண்டிக்காரர்களும் அவளிடம் வாங்கிய திட்டுகளுக்கு வட்டியோடு கேலி செய்தார்கள். ஒருவன் தன் விளக்கை ஒருமுறை சரிபார்க்க வேண்டும், பயமாக இருக்கிறது என்றான். மார்லிஸ் நிமிர்ந்து நடந்து போய் வாங்கினாள். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் திரும்பி வரும்போது அவள் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கச் சாசேஜைக் கடித்தேன்.

எதிர் மேசையில் நார்பர்ட் எல்லா உதட்டையும் படித்துக்கொண்டிருந்தார். ஆர்லீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் எழுந்து மார்லிஸிடம் வந்தார். குனிந்தார். யாருக்கும் கேட்கக் கூடாதென்று கையை அவள் காதோரம் மறைவாக வைத்துக்கொண்டு ரகசியம் சொன்னார். அவருக்கு அது ரகசியம். வெளியே பழ அடைக்காக வரிசையில் நின்றவர்களுக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது.

"அந்த நீலக் க்ளிப்பை வெச்சது நான்தான்னு டெர்ரிகிட்ட சொல்லிடறேன், மார்லிஸ். எனக்காக நீ இதை வாங்கிக்கக் கூடாதும்மா."

அறுபது பேரின் கரண்டிகளும் அப்படியே நின்றன. டெர்ரி மேடையில் கையில் தாளோடு நின்றான். பொய் எங்கே இருக்கிறது என்று முப்பது வருடம் மோப்பம் பிடித்தவன் முன்னால் உண்மை தானே வந்து விழுந்துவிட்டது. இனி என்ன என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் அசைந்தது கிளெண்டா. சாலட்டைக் கிளறினாள். அதைக் கிளற ஒன்றுமே இல்லை. பிறகு யாரோ கடுகுச் சாந்து கேட்டார்கள். இன்னொருவன் நாளைக்கு மழை வருமா என்றான். பக்கத்தில் இருந்தவன், வராது என்றான். ஒருவரும் நார்பர்ட் பக்கம் திரும்பவில்லை. மேசைக்கு மேசை பேச்சு பரவி, கொட்டகை மறுபடி நிறைந்தது. அறுபது பேருக்கும் அந்த ஒரு நிமிடம் காது கேட்காமல் போய்விட்டது. என் ஆட்களைப் பற்றி நான் இதற்கு மேல் பெருமையாக எதையும் சொல்லிவிட முடியாது.

டெர்ரி தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். மேடையிலிருந்து இறங்கி வந்தான். நார்பர்ட்டின் எதிரில், வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"எட்டு மணிக்கு ஊர்வலம், நார்ப். நீங்கதான் முன்னாடி. இனிமே ஒயர் பக்கம் மட்டும் கை வெக்காதீங்க."

நார்பர்ட் அவன் உதட்டைக் கடைசிவரை படித்தார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "சரிப்பா" என்றார். அக்கரையில் மினசோட்டாக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.